கிளிக்கும் உளைக்கும் ஒரே கண்ணாடி

இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, கோட்டைக் கொடிமரத்தை விரலால் மறைக்கிறார் தருமலிங்கம். பிறகு விரலை மெல்ல விலக்குகிறார். காளைகளை நுகத்தில் பூட்டுவதற்கு முன் தினமும் இது நடந்தாக வேண்டும். ஒல்லாந்தர் கொடியில் மேலே சிவப்பு, நடுவே வெள்ளை, கீழே நீலம். நடுவில் இருக்கும் வெள்ளை தனியாகப் பிரிந்து தெரிந்தால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "வெள்ள கீது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். உள்ளேயிருந்து அவர் மனைவி பச்சையம்மா "ம்" என்பாள். அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பும்.

பழவேற்காட்டுக்கும் சுண்ணாம்புக்குளத்துக்கும் இடையே ஒல்லாந்தர் கும்பினியின் துணி ஏற்றுகிற வண்டிகள் ஏழு. முன்வண்டி இவருடையது. ஏரி வற்றிய மாதங்களில் இந்த வண்டிகள் கரையைச் சுற்றிப் போவதில்லை. தண்ணீர் இறங்கிய படுகையிலேயே குறுக்கே விழுந்து போகும். அரை நாள் மிச்சம். ஆனால் படுகையில் உளை இருக்கிறது. பார்த்தால் மணல்; கால் வைத்தால் காளையை வயிறு வரைக்கும் இழுத்துக்கொள்ளும் சேறு. அது நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கு இருக்காது. கெட்டி மணல் சாம்பல் வெளுப்பாகவும் உளை அதைவிட ஒரு துளி நீலம் கூடியும் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். முன்வண்டிக்காரர் அந்த ஒரு துளியைப் பார்த்து ஓட்டுவார். மற்ற ஆறு பேரும் அவருடைய சக்கரத் தடத்தைப் பார்த்து ஓட்டுவார்கள்.

நான் கும்பினியின் துணிக் கிடங்கில் சாயம் பார்த்துத் துணி பிரிக்கிறவன். மாதத்தில் நான்கு தடவையாவது தருமலிங்கத்தின் வண்டியில் ஏறுகிறேன். வண்டிப் பயணம் எனக்கு ஆகாது. குலுக்கலில் குடல் வாய்க்கு வந்துவிடும். இருந்தும் வேறு வண்டியில் ஏற மனம் வருவதில்லை. அவர் பேச்சு அப்படி.

ஏரிக்கரைக் குப்பத்தில், வலை வீசுகிற வீட்டில் பிறந்தவர். "எங்க நைனா தண்ணியப் பாத்தே கெட்டாரு, நா மண்ணப் பாத்து பொழைக்கறேன்" என்பார். ஆனாலும் வாய் இன்னும் படகில்தான் இருக்கிறது. காளைகளுக்குக் காற்றுகளின் பெயர்: இடது பக்கத்துக்காரன் வாடை, வலது பக்கத்துக்காரன் கொண்டல். வேகம் குறைய வேண்டுமானால் "பாய எறக்குங்கடா" என்பார். இரண்டும் உடனே நடைக்கு வந்துவிடும். வழிப்பறிக்குப் பயந்து ஆசனத்துக்கு அடியில் ஒரு துப்பாக்கி வைத்திருக்கிறார். இதுவரை அதனால் செத்தது இரண்டு நரியும், குறி பழகும்போது உடைந்த பச்சையம்மாவின் பானையும்.

துப்பாக்கி அவருக்கு விளையாட்டும்கூட. வருஷத்துக்கு ஒரு நாள் கோட்டைத் துரைமார் வெளி மணலில் உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஒரு மரக்கிளியை வைத்துச் சுடுவார்கள். கோழி அளவுக் கிளி, பச்சை வர்ணம் பூசியது. சாராயமும் வெயிலும் ஏறி அவர்கள் அலுத்துப் போன பிறகு, கம்பம் நட்ட வண்டிக்காரர்களில் ஒருவருக்கு மூன்று குண்டு கொடுப்பார்கள். அந்த மூன்றும் எப்போதும் தருமலிங்கத்துக்குத்தான். நான்கு வருஷம் கிளியை இறக்கியிருக்கிறார். கடைசி இரண்டு வருஷம் மூன்று குண்டும் வானத்துக்குப் போயின. "மருந்து ஈரம்" என்றார். கப்பலேறி ஊர் ஊராகப் போகிற பழவேற்காட்டு வெடிமருந்தை ஈரம் என்று சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். அது அவருக்கு உண்டு.

மாசி மாதம் அவருடைய வண்டி உளையில் இறங்கியது. கொண்டல் கழுத்து வரை போய்விட்டான். பதினான்கு மூட்டைத் துணியைத் தலையில் சுமந்து இறக்கி, மற்ற ஆறு வண்டிக்காரர்களும் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. "வெய்யிலு நேரா மூஞ்சில அடிச்சிச்சி" என்றார். சுண்ணாம்புக்குளத்தில் தங்கிவிட்டுக் காலையில் பழவேற்காட்டை நோக்கி வரும்போது சூரியன் எதிரே. ஈர மணலில் பட்டு அது இரண்டாகிக் கண்ணைக் குத்தும். எல்லாருக்கும் அது தெரியும் என்பதால் எல்லாரும் நம்பினோம்.

பச்சையம்மா நம்பவில்லை. அதற்கு அடுத்த வாரம் கோட்டையில் கொடிமரத்தை இறக்கிப் படுக்கப்போட்டு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர் வழக்கம்போல் விரலை நீட்டி, விலக்கி, "வெள்ள கீது" என்றார். வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். வெறும் வானம். அப்போதைக்கு "ம்" என்று மட்டும் சொன்னாள். மாலையில் சோறு போட்டுவிட்டுக் கேட்டாள்: "கொடியும் இல்ல, மரமும் இல்ல. எந்த வெள்ளையப் பாத்தய்யா நீ?"

அவர் பாதிச் சோற்றில் கை கழுவினார் என்று அவளே என்னிடம் சொன்னாள். கேட்க எனக்கு வருத்தமாக இருந்தது. எத்தனை நாளாய் மனப்பாடத்தைப் பார்வை என்று சொல்லிக்கொண்டிருந்தாரோ. அத்தனை நாளும் அவர் முதுகுக்குப் பின்னால் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

துணி வியாபாரி சுப்பராயலு செட்டியார் காதுக்கும் விஷயம் போனது. அந்த ஏழு வண்டியையும் அமர்த்துகிறவர் அவர்தான். கெட்டவர் இல்லை, கறார். "தருமலிங்கம், கிளி சுடற நாள் வருது. கிளிய எறக்கினா முன்வண்டி உன்னுது. இல்லன்னா எல்லப்பன் முன்னாடி போவட்டும், நீ அவன் பின்னாடி வா" என்றார். எல்லப்பன் இரண்டாவது வண்டிக்காரன், இவரைவிடப் பத்து வயது சின்னவன், பணிவானவன். பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டான். இன்னொருவருடைய தடத்தில் வண்டி ஓட்டுவது தருமலிங்கத்துக்கு உயிரோடு இருப்பதில் சேராது. அன்று காளைகளை அவிழ்த்துக் கட்டியதோடு திண்ணையில் சுருண்டு படுத்துவிட்டார்.

ஆனால் மறுநாளே பழைய ஆள் ஆகிவிட்டார். "கண்ணு பூடல. தொண இல்லாம கீது" என்று சொல்லிக்கொண்டு மேரியம்மாள் வீட்டுக்குக் கிளம்பினார். பச்சையம்மாவும் நானும் கூடப் போனோம்.

மேரியம்மாளின் புருஷன் கும்பினிக் கப்பலில் எழுத்தராக இருந்தவர். அவர் விற்பதற்கென்று சீமையிலிருந்து கொண்டுவந்து, விற்காமலே செத்துப்போன மூக்குக் கண்ணாடிகள் ஒரு தேக்குப் பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றின் காதிலும், அதாவது காதில் மாட்டுகிற கம்பியில், இத்தனை வயதுக்கு என்று பொறித்திருக்கும். யாராவது போட்டுப் பார்த்துக் கழற்றினால், அந்த முகமே அதில் ஒட்டிக்கொண்ட மாதிரி கண்ணாடியை முந்தானையால் துடைப்பாள்.

"வயசு இன்னா?"

"நாப்பது."

"பெரிய பொண்ணுக்கே முப்பது ஆவுது" என்றாள் பச்சையம்மா.

மேரியம்மாள் நாற்பதைக் கீழே வைத்துவிட்டு ஐம்பதை எடுத்தாள். அவர் முகம் சுருங்குவதைப் பார்த்து, "ஒல்லாந்து எழுத்துலதான கீது. ஊர்ல எவன் படிக்கப் போறான்" என்றாள். போட்டுக்கொண்டு தெருக்கோடியைப் பார்த்தார். அங்கே உலர்ந்துகொண்டிருந்த வலையின் கண்களை எண்ணத் தொடங்கிவிட்டார். வயதுப் பிரச்சினை அதோடு முடிந்தது.

அடுத்தது நிறம். வெறும் கண்ணாடி வெயிலுக்கு ஆகாது. ஐம்பதில் நிறம் போட்டவை மூன்று இருந்தன: ஒன்று பச்சை, ஒன்று புகை நிறம், இன்னொன்று கருப்பட்டிப் பாகு நிறம். கடைசி ஒன்றுக்கு ஒரு காது முறிந்திருந்தது. நான் பச்சையைச் சொன்னேன். நாள் முழுவதும் சாயம் பார்க்கிற கண்; என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. மேரியம்மாளும் "தொரைங்க எல்லாம் பச்சதான் போடுவாங்க" என்றாள்.

"வூட்டுக்குள்ள எல்லாமே அழகாத்தான் கீது" என்றார் தருமலிங்கம். "எங்க வேலையோ அங்க வெச்சிப் பாக்கணும். ஏறு வண்டில."

பெட்டியைக் கண்ணுக்கு மறைவில் அனுப்ப மேரியம்மாள் தயாராக இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அவளும் வண்டியில் ஏறினாள். நான்கு பேருமாக ஏரிப் படுகையில் இறங்கினோம்.

முதலில் பச்சை. "குளுகுளுன்னு கீது சாயக்காரரே, உம்ம வாய்க்கு சக்கர போடணும்" என்று என்னைப் புகழ்ந்துகொண்டே ஓட்டினார். திடீரென்று வாடை நின்றுவிட்டான். சாட்டை வைத்தும் நகரவில்லை. தருமலிங்கம் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிப் பார்த்தார். ஒரு முழம் தள்ளி உளை. வாங்கி நானும் பார்த்தேன். கெட்டி மணலும் உளையும் பச்சைக்குள் ஒரே நிறமாகக் கிடந்தன. அந்த ஒரு துளி நீலத்தைக் கண்ணாடி விழுங்கிவிட்டது. ஒரு பச்சை ஓலையைக் குச்சியில் கட்டி வானத்துக்கு எதிரே நிறுத்திப் பார்த்தார். அதுவும் வானத்தோடு போய்விட்டது. மரக்கிளியும் பச்சைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புகைக் கண்ணாடியில் உளை தெரிந்தது. ஆனால் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தால் குழல் நுனியில் இருக்கும் குறிமணி இருட்டில் காணாமல் போனது. "அந்தி சாஞ்ச மாதிரி கீது. மாடுங்க வூட்டுக்குத் திரும்பணும்னு சொல்லும்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

கருப்பட்டிக் கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டினார். பிறகு என்னிடம் நீட்டினார்; நானும் பார்த்தேன். கெட்டி மணல் வெளுத்து நின்றது. உளை, கோடு கிழித்த மாதிரி கறுத்துக் கிடந்தது. குறிமணி பளிச்சென்று இருந்தது. பச்சை ஓலை வானத்துக்கு எதிரே கருங்கல்லாய்த் தெரிந்தது.

"இதான்" என்றார்.

"மஞ்சக்காமால வந்த மாதிரி கீது மூஞ்சி" என்றாள் பச்சையம்மா.

"மூஞ்சி உனக்குத்தான தெரியும். எனக்கு வழி தெரியுது."

விலைக்குப் பதிலாக, ஒரு வருஷம் மேரியம்மாளைப் பொன்னேரிச் சந்தைக்கு ஏற்றிப்போவது என்று முடிவானது. முறிந்த காதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. காளை ஒரு குலுக்குக் குலுக்கினாலும் துப்பாக்கி ஒரு உதை உதைத்தாலும் நல்ல காது இருந்தும் கண்ணாடி விழத்தான் செய்யும். ஆகவே இரண்டு பக்கமும் வலைநூல் கோத்து, குடுமிக்குக் கீழே வலைமுடிச்சுப் போட்டார். ஓரத்தில் புகுகிற வெயிலுக்கும் மணலுக்கும் பனையோலையை நறுக்கி மறைப்பு வைத்துக்கொண்டார். தெருவில் சிரித்தார்கள். கூடவே அவரும் சிரித்தார்.

கிளி சுடுகிற நாளில் குப்பமே மணலில் கூடியிருந்தது. துரைமார் சுட்டுச் சுட்டுக் கிளியின் வாலை மட்டும் பெயர்த்துவிட்டு நிழலுக்குப் போனார்கள். சுப்பராயலு செட்டியார் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். எல்லப்பன் காளைகளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

முதல் குண்டு கிளிக்கு மேலே போனது. உதையில் தலை பின்னுக்குப் போயிற்று, கண்ணாடி அசையவில்லை. கூட்டத்தில் யாரோ "மருந்து ஈரமா?" என்றார்கள். "இல்ல. அவசரம்" என்றார் தருமலிங்கம். இரண்டாவது ஒரு சிறகைக் கொண்டுபோனது. மூன்றாவதற்கு மருந்து கெட்டித்துக்கொண்டே, பக்கத்தில் இருந்த என்னிடம், "கிளியப் பாத்தா கிளி விழாது. மணியப் பாக்கணும். மணி தெளிவா, கிளி கொஞ்சம் கலங்கலா இருந்தா சரி" என்றார். சுட்டார். புகை விலகியபோது கம்பத்தின் உச்சி மொட்டையாக இருந்தது.

"முன்வண்டி உன்னுதுதான், போ" என்றார் செட்டியார். பச்சையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

தருமலிங்கம் கண்ணாடியோடு கோட்டைப் பக்கம் திரும்பி, பழக்கத்தில் இடது கண்ணை மூடி, விரலை நீட்டி, விலக்கினார். வெகுநேரம் பார்த்தார். "கொடி கிழிஞ்சிருக்கு" என்றார். நான் உற்றுப் பார்த்தேன். உண்மைதான். கீழே, நீலத்தின் ஓரத்தில் ஒரு சாண் கிழிசல்.

எல்லப்பன் காளைகளை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தான். அவனும் இடது கண்ணை மூடி விரலை நீட்டினான். "ஆமாணா. கிழிஞ்சிதான் கீது."

"எங்கடா?"

"மேலணா. சேப்புல."

தருமலிங்கம் கொடியை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். "வெள்ள கீதா?"

"கீதுணா" என்றான், கொஞ்சமும் தாமதிக்காமல்.

தருமலிங்கம் கையைக் குடுமிக்குக் கீழே கொண்டுபோனார். வலைமுடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியைக் கழற்றி, எல்லப்பன் பக்கம் நீட்டினார்.