திரைக்கு வெளியே நீண்ட கை

கண்டியில் மழை விடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அதைவிட விடாமல் பெய்தது ஒரு வாதம். பெரியம்மை குறைந்தது அம்மைப்பால் குத்தியதாலா, குழாய்த் தண்ணீரும் கழிவுநீர்க் கானும் வந்ததாலா?

தண்ணீரின் கட்சிக்காக நகரத்துப் பாடசாலை மண்டபத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசுவார். நான் முன்வரிசையில். இருபது வயது. ஒரு பேச்சு உண்மையா என்று கேட்கமாட்டேன்; அழகா என்று கேட்பேன். எங்கள் ஊர் கெலிஓயாவுக்குத் திரும்பி, என் மூத்தவள் ராத்தாவிடம் அவரைவிட நன்றாகப் பேசிக் காட்டுவேன்.

"தண்ணிதான் ராத்தா! ஓடுற தண்ணிக்கு முன்னால எந்த நோயும் நிக்காது. பால் குத்துறதெல்லாம் வீண்."

"ஒன்ட வாய்க்கு ஏத்த ஒரு கடை இருந்தா வாப்பா நிம்மதியா இருப்பாரு," என்று சிரிப்பாள். மடியில் ஏழு மாத மகன் கிடப்பான். அவள் சிரித்தாள், ஆனால் நம்பினாள். அது எனக்குத் தெரியவில்லை.

அம்மைப்பால் குத்துகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் முஸ்லிம் வீடுகளில் வாசலோடு நின்றுவிடுவார். பெண்கள் திரைக்கு உள்ளே இருந்து, கண்ணூறு படாமல் பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடி, கையை மட்டும் வெளியே நீட்டுவார்கள். குத்திவிட்டுப் போய் எட்டாம் நாள் வருவார். அதே திரை, அதே கை. பால் பிடித்ததற்கு அடையாளமாகக் கொப்புளம் எழும்பியிருந்தால் அத்தாட்சிக் காகிதத் துண்டில் கையெழுத்து வைப்பார். ராத்தாவின் மகன், என் மருமகனுக்கும் வைத்தார்.

மூன்று மாதம் கழிந்து, இந்தியாவிலிருந்து புடவை கொண்டுவந்த விருந்தாளி ஒருவர் எங்கள் வளவில் காய்ச்சலாகப் படுத்தார். அம்மை முத்துப் போட்டதும் அவரைத் தொற்றுநோயாளர் தங்கும் தனி மடுவத்துக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்துக்கொண்டார். மருமகன் பிழைக்கவில்லை. அந்தச் சின்ன உடம்பில் முத்தமிட இடமில்லாமல் போயிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே வயது, அதே கிணறு. எங்கள் பாயிலேயே புரண்டு வளர்ந்தது. ஒரு புள்ளிகூட இல்லாமல் தவழ்ந்துகொண்டிருந்தது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பகல், அடுப்படியில் ராத்தா சொன்னாள்.

"குத்தின ஒடனே, பால் பிடிக்காம தேசிக்காய்ப் புளி தேச்சுக் கழுவிட்டேன். எட்டாம் நாளு, பக்கத்து வீட்டுப் புள்ளட கையத்தான் நீட்டினேன். நீதானே சொன்ன, வீணுன்னு."

அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"மச்சானுக்குத் தெரிஞ்சா என்ன வெச்சிக்கமாட்டாரு. அல்லாவுக்காக வாயத் தொறந்துடாத."

அடுத்த கூட்டத்தில் ஆசிரியர் ஒரு துண்டை உயர்த்திப் பிடித்தார். "முறைப்படி குத்திய பிள்ளை. எட்டாம் நாள் பார்த்துக் கையெழுத்தும் வைத்திருக்கிறார்கள். எங்கே அந்தப் பிள்ளை?"

"பாலைத்தான் குத்தினாங்களா, மோரையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது.

துண்டைக் கொடுத்தவர் மச்சான், ராத்தாவின் கணவர். எனக்குப் பக்கத்துக் கதிரையில் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கி அழுதார். என்னிடம் ஒரு வசனம் இருந்தது. எழுந்து சொன்னால் ராத்தாவின் வாழ்வு போகும். சொல்லாவிட்டால் இனி எந்த வீட்டுத் திரைக்கு வெளியே ஒரு கை நீளும்? சொல், சொல், சொல் என்று இன்றுவரை அலைகிறவன் நான். அன்று உட்கார்ந்திருந்தேன்.

கெலிஓயாவில் கைகள் நீளவில்லை. கதவுகளே திறக்கவில்லை.

ஒரு மாலை புகையிரத நிலையத்தில் அந்த யாழ்ப்பாணத்துக்காரர் என்னைக் கண்டு எழுந்தார். மெலிந்திருந்தார்.

"தம்பி, கொஞ்சம் நில்லும். உங்கட மருமோன்ர கையிலை நல்ல கொப்புளம். என்ர கண்ணாலை பாத்தனான். பிறகு எப்பிடி? குத்தின அண்டைக்குப் பேராதனையிலையிருந்து வெயிலுக்குள்ளாலை நடந்து வந்தனான். பால் பழுதாப்போய், வெறும் புண்ணைக் கொப்புளமெண்டு நினைச்சிட்டனோ?"

அவர் கண்கள் என் முகத்தில் எதையோ தேடின. தண்டவாளம் ஈரமாகக் கிடந்தது.

"இருக்கலாம்," என்றேன்.

"ஓம்," என்றார், பாரம் இறக்கியவர்போல. "அப்பிடித்தான் இருக்கும். பிழை என்னிலைதான் எண்டு மேலிடத்துக்கு எழுதிக் குடுக்கிறன்."

என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.