நான் சுண்ணாம்பு பூசிய கல்வரிசை

சிப்பி நீற்றிய சுண்ணாம்பு விரலிடுக்கில் பட்டால் முதலில் குளிரும், பிறகுதான் எரியத் தொடங்கும். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் உச்சிவெயிலில், அந்த எரிவோடு எங்கள் ஊர்க் 'கல்லுப்பாலத்தின்' கீழே முழங்கால் தண்ணீரில் நின்றேன். அன்று செய்ததை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஐம்பது வயது கடக்கவேண்டியிருந்தது.

கட்டைபறிச்சானுக்கு அப்பால், கொட்டியாரக் குடாவில் போய் விழும் ஆற்றின் குறுக்கே ஐந்து வளைவுகளோடு நின்ற பாலம் அது. ஒல்லாந்தர் கட்டியது என்று ஒரு பகுதியும், வெள்ளைக்காரத் துரைமார் கட்டியது என்று மறுபகுதியும் கோயில் வாசலில் வாதாடுவார்கள். பெயர் பொறித்த கல் இருந்த இடத்தில் ஒரு சதுரக் குழி மட்டுமே மிஞ்சியிருந்ததால் எவரும் தோற்றதில்லை. செதுக்கிய கருங்கற்களை வரிசை வரிசையாக அடுக்கிய தூண்கள், வெள்ளம் வந்து மோதும் பக்கத்தில் தோணியின் முனைபோலக் கூராகவும் மறுபக்கத்தில் உருண்டையாகவும் இருந்தன. கைப்பிடிச் சுவரின் அடியில் மழைத்தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள்; அவற்றில் மைனாக்கள் குடித்தனம் நடத்தின.

நடுத்தூணில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. மாரியில் ஆறு பெருகினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும். இதை 'வாய் வெட்டுறது' என்பார்கள். முந்தி வெட்டினால் இறால் எல்லாம் கடலோடு போய் மீன்பிடிக்கிறவர்களின் வயிற்றில் அடிக்கும்; பிந்தினால் வயல் அழுகும். இரு பகுதியாரும் அடிபட்டுக்கொள்ளாதிருக்க முன்னோர் கண்ட வழிதான் கோடு. தண்ணீர் அதைத் தொட்டால் வெட்டலாம், தொடாதவரை ஒருவரும் மண்வெட்டி தூக்கக்கூடாது. வருடந்தோறும் மாரிக்கு முன் கோட்டைப் புதுப்பிப்பதும், வெள்ளத்தில் நின்று பார்த்துச் சொல்வதும் எங்கள் பக்கத்து வளவுத் தம்பிமுத்து மாமாவின் பொறுப்பு. அதற்குக் கூலி கிடையாது. அவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு இரண்டு பகுதியும் கட்டுப்பட்டது, அதுவே அவருக்குப் பெருமை.

அந்த வருடம் அவர் கால் சுளுக்கிப் படுத்துவிட்டார். கோட்டை வேறு ஆள் தொடக்கூடாது என்பது ஊர் வழக்கம். அதனால் என்னை வேலியோரம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, என்னால காலை ஊண்ட ஏலாது. ஒருத்தருக்கும் சொல்லாமல் போய்ப் போட்டிட்டு வா. வளைவு துவங்கிற கல்லுக்குக் கீழ மூண்டாம் வரிசை."

வளைவு தொடங்கும் கல்லையே ஒன்று என்று எண்ணிவிட்டேன். கோடு ஒரு வரிசை மேலே ஏறிவிட்டது. பூசி முடித்துக் கை கழுவக் குனிந்தபோதுதான், கீழ்வரிசையில் பாசிக்குள் பழைய சுண்ணாம்பு மங்கலாகத் தெரிந்தது. சட்டியில் சுண்ணாம்பு தீர்ந்திருந்தது. பின்னேரம் புல்மோட்டையிலிருந்து சின்னம்மாவின் பிள்ளைகள் வருவதாகவும் இருந்தது. ஒரு கல்லுத்தானே என்று கரையேறினேன்.

"சரியா எண்ணினியே?" என்று மாமா கேட்டார்.

"ஓம் மாமா" என்றேன்.

அந்த மாரி சும்மா போகவில்லை. மாமா நொண்டி நொண்டி வந்து, குடையோடு பாலத்தில் காவல் நின்றார். அப்பா இரண்டு தரம் ஓடிப்போய்க் கேட்டார்: "தம்பிமுத்து, வயல் போகுது. வெட்டச் சொல்லு."

"கோடு தொடேல்லையே அண்ணை. நான் என்னெண்டு சொல்லுறது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்பாவின் அடிக்குப் பயந்து, வயிற்றுவலி என்று போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். தண்ணீர் கோட்டைத் தொட இன்னும் இரண்டு நாள் பிடித்தது. அதற்குள் பயிர் அத்தனையும் அழுகிப்போயிற்று.

வெள்ளம் வடிந்ததும், கோடு ஒரு வரிசை ஏறியிருந்ததை ஊர் கண்டது. மாமி இலங்கைத்துறையில் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பெண் என்பது அதுவரை எவருக்கும் உறுத்தியதில்லை, அன்று உறுத்தியது. பாலத்தில் கூடிய கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று கத்தியவர் என் அப்பா. "பெண்சாதியின்ர ஆக்களுக்காக எங்கட வாயில மண்ணைப் போட்டிட்டாய்."

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். அப்பாவின் சாறத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்து, "நான்தான் போட்டனான். பிழை என்ர" என்றார். நான் குனிந்து மைனாக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த மாரிக்குக் கோடு வேறொருவர் கைக்குப் போயிற்று. மாமாவுடன் முகம் கொடுத்துப் பேச ஆளில்லாமல் போக, அவரும் மாமியும் இலங்கைத்துறைக்கே குடிபெயர்ந்தார்கள்.

இப்போது கல்லுப்பாலத்தில் இரண்டு வளைவுகள்தான் நிற்கின்றன. பக்கத்தில் கொங்கிறீற்றுப் பாலம். அதன் தூணில் இலக்கமிட்ட அளவுப் பலகை. வாய் வெட்ட மண்தோண்டும் 'பெக்கோ' இயந்திரம் வருகிறது. சென்ற வருடம், கேட்டு விசாரித்து மாமாவைத் தேடிப் போனேன். எண்பது கடந்த மனிதர், முற்றத்துக் கதிரையில் இருந்தார். அழுது அழுது எல்லாவற்றையும் சொல்லி, ஊருக்குப் போய் எல்லாருக்கும் முன்னால் சொல்லுகிறேன் என்றேன். அழுகை அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"கொப்பர் இருக்கிறாரோ பிள்ளை?"

"இல்லை மாமா. அப்பா போய் ஒன்பது வருசம்."

"அண்டைக்குப் பாலத்தில நிண்டவையில வேற ஆர் இருக்கினம்?"

ஒருவராவது மிஞ்சியிருக்கமாட்டாரா என்ற ஆசை அந்தக் கிழட்டு முகத்தில் அப்படியே தெரிந்தது. ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.