பற்றிப்போச்சு

கேரள எல்லையோரம் பாறசாலையில் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு தையல் கடை. ஜாக்கெட்டும் சுடிதாரும் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் வேலையில் தப்பு வந்தால் யாரும் ‘நான் கெடுத்தேன்’ என்று சொல்வதில்லை. ‘பற்றிப்போச்சு’ என்பார்கள். மதுரைப் பக்கம் போய்ச் சொன்னால் எங்கே தீ என்று கேட்பார்கள். இங்கே அதற்கு, தப்பு தானாக வந்து ஒட்டிக்கொண்டது, யார் மேலும் குற்றமில்லை என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

என்னிடம் துணி வெட்டிய பெண் அதை வார்த்தைக்கு வார்த்தை சொல்வாள். நல்ல வேலைக்காரி. காட்டாக்கடையிலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். அங்கேயே சொந்தமாகக் கடை போட ஆசைப்பட்டு அறைகூடப் பார்த்து வைத்திருந்தாள். ஆனால் யாராவது முகம் சுளித்தால் உள்ளே ஓடிவிடுவாள். நான் முன்னால் நின்று, துணி சுருங்கிவிட்டது, நூல் இழுத்துவிட்டது என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். பெரிய உபகாரம் செய்வதாக எனக்கு நினைப்பு வேறு.

ஒருநாள் கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் இரண்டு கையையும் வலது பக்கத்துக்கே வெட்டிவிட்டாள். பட்டுச் சேலையோடு வந்த துண்டு அது, மிச்சத் துணி கிடையாது. சேலையில் உள்ளே சொருகும் முனையிலிருந்து கொஞ்சம் எடுத்தால் சரிசெய்யலாம். அதற்குப் பெண்ணின் அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிச் சேலையைக் கேட்க வேண்டும்.

“பற்றிப்போச்சு அக்கா. நீங்க எதாவது சொல்லுங்க,” என்றாள்.

“மாட்டேன். காட்டாக்கடையில உனக்காகப் பேச ஆரு உண்டு மக்கா?”

அவள் கண் கலங்கியது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடக் கூடுதலாக இருந்ததால் தாக்குப்பிடித்தேன்.

சாயங்காலம் அந்த அம்மா வந்தார். நான் ஹூக்கு தைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். “பற்றி...” என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

“நானாக்கும் வெட்டினது. ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிப்போட்டேன். சேலையில உள்முனையத் தந்தா சரியாக்கித் தாறேன். வெளிய தெரியாது.”

அவர் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலுமாகத் திட்டித் தீர்த்தார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நூலைப் பல்லில் கடித்தபடி இருந்தேன். அவள் உள்ளே ஓடவில்லை.

“ஞாயிறு கல்யாணமாக்கும். உறப்பா தைச்சுத் தருவியா?” என்று கடைசியில் கேட்டார்.

“உறப்பு. கண்டிப்பா நானே வீட்டுக்குக் கொண்டு வாறேன்.”

சேலை வந்தது, கையும் பொருந்தியது. கல்யாணம் முடிந்து சில நாளில் அந்த அம்மா தன் தங்கை மகளுக்கும் துணி கொண்டுவந்து, என்னைத் தாண்டிப் போய் அவளிடம் கொடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. சந்தோஷமாகவும் இருந்தது. அவள் இனி என் கடையில் இருக்க வேண்டியவள் இல்லை என்று புரிந்தது. அறைக்கு முன்பணம் கொடுத்துவிடச் சொன்னேன். தயங்கினாள். அதட்டினேன். என் கடை மெஷின் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக் கூடவே அனுப்பினேன்.

இப்போது அவள் கடை நன்றாக ஓடுகிறது. இங்கே எனக்கு வேலை தேங்கிக் கிடக்கிறது. புதிதாக வந்தவளுக்குக் கரை எது, தலைப்பு எது என்றே பிடிபடவில்லை.

போன வாரம் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த பழைய வாடிக்கைக்காரி கேட்டாள். “நல்லா வெட்டுத பிள்ள ஒண்ணு உண்டில்லியா, அவள எப்படி விட்டிய?”

பற்றிப்போச்சு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

“நானாக்கும் அனுப்பினது,” என்றேன்.