வால் வைத்த மேகம்

மட்டாஞ்சேரி படகுத்துறைக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருந்த லக்ஷ்மிநாராயணனுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. பால்காரரையும் நம்பமாட்டார், பஞ்சாங்கத்தையும் நம்பமாட்டார். நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாதென்று, எடுக்கிற ஒவ்வொரு படத்தின் மூலையிலும் வெள்ளை மையால் தேதி போட்டுவிடுவார்.

அப்பேர்ப்பட்டவரை 1961-இல் தோப்பும்படி ராசப்பனின் ஸ்டூடியோ படங்கள் தூங்கவிடாமல் அடித்தன. காயல் என்கிற உப்பங்கழியை எடுத்த படம் ஒவ்வொன்றிலும் சரக்குப் படகான வள்ளத்தின் கயிறும் தெரிந்தது, வானத்து மேகமும் தெரிந்தது. அது எப்படி? வள்ளத்துக்கு வெளிச்சம் கணக்கிட்டால் வானம் வெள்ளைத்தாளாகிவிடும். மேகத்துக்குக் கணக்கிட்டால் வள்ளம் கரிக்கட்டை.

"இதுல என்னமோ தட்டிப்பு இருக்கு, ஏமாத்து வேலை" என்றார் மனைவி நீலாம்பாளிடம்.

பூதக்கண்ணாடியோடு ராசப்பனின் ஸ்டூடியோவுக்கே போய், வாசலில் மாட்டியிருந்த மூன்று காயல் படங்களைப் பார்த்தார். மூன்றிலும் ஒரே மேகம். அப்படியானால் மேகம் வேறு நெகட்டிவ். திருட்டைக் கண்டுபிடித்தவர் ஊரைக் கூட்டிச் சொன்னாரா? இல்லை, தானும் கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார்.

கடற்கரையில் வால் வைத்த மழைமேகம் ஒன்றைப் படம்பிடித்துவந்தார். இருட்டறையில், தென்னந்தலைகளின் வரம்புக்கு வெட்டிய அட்டையால் மேல்பாதியை மறைத்துக் காயலைத் தாளில் விழவைத்தார். பிறகு நெகட்டிவை மாற்றி, கீழ்ப்பாதியை மறைத்து மேகத்தை. நடுவே வெள்ளைக்கோடு விழுந்தது. அட்டையை அசையாமல் பிடித்ததுதான் தப்பென்று புரிய மூன்று மாதமாயிற்று. லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும்.

முதலில் தேறிய படம், சுக்கு வியாபாரி ராமபத்ரனின் சரக்குக் கிடங்கான பாண்டிகசாலை. அந்த மேகத்துக்காகச் சித்திரை வெயிலில் மூன்று நாள் காத்திருந்ததாகக் கூசாமல் சொன்னார். ராமபத்ரன் அதைத் தன் இருக்கைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்.

ஐப்பசியில் முகமது இஸ்மாயில் ராவுத்தரின் வள்ளத்தில் ராமபத்ரனின் மூட்டைகள் ஏறுவதைப் படமெடுத்து, அதே மேகத்தைச் சேர்த்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். எடுத்த அன்று சாயங்காலமே திடீர் மழையில் அந்தச் சுக்கு முழுக்க நனைந்து பாழாகியிருந்தது. படத்தைப் பார்த்த ராமபத்ரன், தலைக்குமேல் மேகம் நிற்கும்போதே மூட்டை ஏற்றினான் என்று இஸ்மாயிலுக்குச் சரக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

இஸ்மாயில் ஸ்டூடியோவுக்கு வந்தார். "சாமி, அன்னிக்குக் காலைல வானம் தொடச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. நீங்களும் பாத்தீங்கல்ல. முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. வள்ளம் ஓடலேன்னா வீட்ல அடுப்பு எரியாது."

வித்தையைக் கறக்க ராசப்பன் அனுப்பிய ஆளோ? "யார் சொல்லி வந்தீர்?" என்று கேட்டேவிட்டார் லக்ஷ்மிநாராயணன். இஸ்மாயில் படத்தின் மூலையிலிருந்த தேதியைத் தொட்டுக் காட்டினார். அந்தத் தேதியை எழுதியதும் தன் கை, அன்றைக்கு இல்லாத மேகத்தை வைத்ததும் தன் கை என்று லக்ஷ்மிநாராயணனுக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் இரண்டு நெகட்டிவையும் எடுத்துக்கொண்டு பாண்டிகசாலைக்குப் போய் உள்ளதைச் சொன்னார். ராமபத்ரன் நம்பவில்லை.

"வள்ளத்துக்கு எடுத்தா வானம் வெளுத்துப் போகும்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் அன்னிக்கு மேகம் இல்லேன்னு இதுல எப்படித் தெரியும்? அவனுக்காகக் கதை கட்டாதீங்க, சாமி."

நியாயமான கேள்வி. லக்ஷ்மிநாராயணன் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்.

"உங்க பின்னாடி மாட்டியிருக்கற படத்தைப் பாருங்கோ" என்றார். "அதே வால். அது சித்திரைத் தேதி, வள்ளப் படம் ஐப்பசித் தேதி."

ராமபத்ரன் எழுந்து மேகத்தின் வாலையும் மூலையிலிருந்த தேதியையும் பார்த்தார். பிறகு படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தார்.

இஸ்மாயிலின் வள்ளம் மறுபடி ஓடியது. விஷயம் ஊரில் பரவிவிட, ஸ்டூடியோவுக்குத்தான் ஆள் வரவில்லை. கல்யாணப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கும் மாமா நிஜமாகவே வந்திருந்தாரா என்று ஒருவர் கேட்டார். லக்ஷ்மிநாராயணனுக்கு அது வலித்தது.

பெருநாளைக்கு இஸ்மாயில் மனைவி மக்களோடு படமெடுத்துக்கொள்ள வந்தார். அத்தனை நாளில் வந்த முதல் குடும்பம். லக்ஷ்மிநாராயணன் தானே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எடுத்து முடித்ததும் இஸ்மாயில் தயங்கி நின்றார்.

"சாமி, நாங்க நாலு பேர் மட்டும் இருந்தாப் போதும். அப்புறம், ஒரு படம் சாட்சி சொல்லி நான் பட்டது போதும்..."

"சொல்லும்."

"மூலைல தேதி மட்டும் போட வேண்டாம்."