ஊசியால இல்லை

தையற்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பட்டன் அக்கா. சட்டைக்குப் பட்டன் வைக்கும் மிஷின் அவளுடையது. வாய் ஓயாது, கை பிசகாது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய கரு என்பதால், சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைக் கூட்டமாக வைத்துப் பார்க்கும் நாளை அவள் தவறவிட்டதே இல்லை.

அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். ஒருத்திக்கு ஒருத்தி ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், கால் வீக்கத்தை அமுக்கிப் பார்ப்பார்கள். "எனக்கு வாந்தி நின்னுடுச்சு, என் வீட்டுக்காரருக்குத்தான் நிக்கல. அவரையும் கூட்டிட்டு வரட்டுமா?" என்று பட்டன் அக்கா கேட்டால் நர்ஸம்மாவே சிரித்துவிடுவாள். பிறக்கும் குழந்தையைக் கக்குவான் இருமல் அண்டாமலிருக்க அம்மாவுக்கே ஊசி போடுவதாக நர்ஸம்மா சொன்ன அன்று, முதலில் கையை நீட்டியதும் அவள்தான். மற்றவர்கள் அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள்.

அடுத்த வாரம் வயிற்றில் அசைவு நின்றுபோனது. அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிரவே பிரசவம் ஆனது. பெண் குழந்தை. தலை நிறைய முடி. அழவில்லை. தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்து இறுகியிருந்ததை டாக்டர் அவளுக்குக் காட்டினார்.

மாமியார் அதைக் காதில் வாங்கவில்லை. "அந்த ஊசி வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள்.

கூட்டத்திலேயே சின்னவள், ரொட்டிக்கடையில் வேலை பார்ப்பவள், ஒருநாள் பார்க்க வந்தாள். துப்பட்டாவால் வயிற்றை மறைத்தபடி உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் ஊசி போட்டுக்கல. யாருமே போட்டுக்கல. பயமா இருக்கு."

பட்டன் அக்காவுக்குப் பால் கட்டி நெஞ்செல்லாம் வலித்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆனால் அடுத்த கூட்டத்துக்குப் போனாள். யாரோ எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

"ஊசியால இல்லை. கொடியில முடிச்சு. என் கண்ணால பார்த்தேன். என் புள்ளையைச் சாக்கு வெச்சு உங்க புள்ளைங்களைக் காவு கொடுத்துடாதீங்க."

ரொட்டிக்கடைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்தபடி வெளியே போய்விட்டாள்.

ரொட்டிக்கடைக்காரிக்குப் பையன் பிறந்ததும் பட்டன் அக்கா போய்ப் பார்த்தாள். கையில் வாங்கியதும் அது அவள் மார்பில் முகத்தை வைத்துத் தேடியது. சட்டென்று தாயிடம் நீட்டினாள்.

"பசிக்குது போல. பாரு," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.