கட்டாக்காலிக்கு ஒரு புலமைப்பரிசில்

எங்கள் ஊரில், கட்டிவைக்காமல் திரியும் மாட்டுக்குக் கட்டாக்காலி என்று பெயர். வேலி பாய்ந்து தோட்டத்தை மேய்ந்துவிட்டுப் போகும் மாட்டைத் திட்டவும் அதே சொல்தான், வேலைவெட்டி இல்லாமல் சுற்றும் இளந்தாரியைத் திட்டவும் அதே சொல்தான். நெடுந்தீவின் தெற்கு வெளியில் கூட்டமாக நிற்கும் குதிரைகளையும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முந்தி எங்களை ஆண்ட பறங்கியும் ஒல்லாந்தனும் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை அவை. கோடையில் குளம் வற்றினால் தண்ணீர் தேடி ஊருக்குள் வரும். கிடைக்காவிட்டால் கல்வேலி ஓரத்தில் விழுந்து சாகும். நான் பள்ளிக்கூடம் போன வழியில் ஒவ்வொரு ஆவணியிலும் ஒன்றாவது கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் விலங்கியல் படித்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. உண்மை அதுதான்.

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், பட்டம் முடித்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் இல்லாத தொண்டராசிரியையாக இருந்தேன். அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக அறிவித்தல் பலகையில் அதைக் கண்டேன். வளர்முக நாட்டு மாணவர்கள் இயற்கைப் பாதுகாப்பில் முதுமாணிப் பட்டம் படிக்க வெளிநாட்டு நிதியம் ஒன்று புலமைப்பரிசில் தருகிறது. படிப்பு, தங்குமிடம், பயணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரேயொரு நிபந்தனை: முடித்ததும் சொந்த இடத்துக்குத் திரும்பி வேலை செய்யவேண்டும்.

மற்றவர்களுக்கு அந்த நிபந்தனை கசந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. எங்கள் ஊரில் யாரும் "போறன்" என்று சொல்லிப் போவதில்லை, போய்விட்டு வருகிறேன் என்ற பொருளில் "போட்டு வாறன்" என்றுதான் சொல்வார்கள். என் அண்ணையும் அப்படிச் சொல்லித்தான் கனடா போனவர். பிறகு வீட்டில் மிஞ்சியது நானும் அம்மாவும். போனவர் எவரிடமும் திரும்பி வரத்தான் வேண்டும் என்று யாரும் கண்டிப்பாகக் கேட்டதில்லை. முகம் தெரியாத நிதியம் ஒன்று அதைக் கேட்டது.

அம்மாவிடம் சொன்னேன். அவருடைய கத்தரிக் கன்றுகளை அதற்கு முதல் கிழமைதான் குதிரைகள் உழக்கிவிட்டுப் போயிருந்தன.

"எடியே, கட்டாக்காலியளைப் படிக்க வெள்ளைக்காரன் காசு தாறானோ? அவனுக்கு வேற வேலை இல்லையோ?"

நேர்முகம் தொலைபேசியில். அதற்காகக் காலையில் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, கடற்படையின் சோதனை முடித்து, மண்கும்பானும் அல்லைப்பிட்டியும் தாண்டி, பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன். விண்ணப்பத்தில் கட்டாக்காலியை அப்படியே ஆங்கிலமாக்கி 'ஸ்ட்ரே' என்று எழுதியிருந்தேன். எனக்கு அது சரியான சொல்லாகவே பட்டது. கேட்டவருக்குப் படவில்லை.

"அப்படியென்றால் அவை யாரோ தவறவிட்ட வளர்ப்பு மிருகங்கள். உரிமையாளர் யார்?"

"ஒல்லாந்தர்," என்றேன். "அவர்கள் போய்விட்டார்கள்."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தது கேட்டது. வளர்ப்பு மிருகங்களுக்கு இந்த நிதி இல்லை, காட்டு விலங்குகளுக்கு மட்டும்தான் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். திரும்பிவரும் படகில் எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. தாகத்துக்குக் காடு, வீடு என்று இருக்கிறதா?

அடுத்த வருடம் திரும்பவும் விண்ணப்பித்தேன். இம்முறை 'காட்டுக் குதிரை' என்று எழுதி, தலைமுறை தலைமுறையாக மனிதக் கை படாமல் தாமாகவே பெருகிய கூட்டம் என்று விளக்கினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அம்மாதான் விழுந்து விழுந்து சிரித்தார்.

"காட்டுக் குதிரையோ? எங்கட ஊரில காடு எங்கயடி கிடக்கு? நாலு பனையும் பத்தையும் காடோ?"

புலமைப்பரிசில் கிடைத்தது. இறங்குதுறையில் நானும் "போட்டு வாறன்" என்றேன். அம்மா "ஓம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஓமில் நம்பிக்கை இருக்கவில்லை என்பது எனக்கு விளங்கியது.

நான் படித்து முடித்த ஆண்டு 2006. அந்த வருடம்தான் அல்லைப்பிட்டியில் வீட்டுக்குள் இருந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். குழந்தைகளும் செத்தார்கள். பஸ் யன்னலால் நான் எத்தனையோ தரம் பார்த்த ஊர். பிறகு ஆவணியில் போர் திரும்ப மூண்டு, யாழ்ப்பாணத்துக்கு வரும் தரைப்பாதையைப் பூட்டினார்கள். சந்திக் கடைப் போனுக்கு எடுத்தால் அம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"இப்ப வராதை பிள்ளை. அங்கயே நில். குதிரை எங்கயும் ஓடாது."

நான் நிபந்தனையைச் சொன்னேன். என்ன நடந்தாலும் நிதியத்தார் என்னைத் திரும்பிப் போகத்தான் சொல்வார்கள் என்று நம்பினேன். உண்மையில் அப்படிச் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் நிதியத்தின் பொறுப்பாளர், நல்ல மனுசி, என்னைக் கூப்பிட்டுத் தேநீர் தந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: உங்கள் நாட்டு நிலைமையைப் பேசினோம், நீங்கள் திரும்பவேண்டியதில்லை, இனி உங்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, தெருவென்றும் பாராமல் அழுதேன். திரும்பி வா என்று என்னைக் கேட்ட ஒரே இடமும் கேட்பதை விட்டுவிட்டது. கட்டு இல்லாததற்கு எங்கள் ஊரில் என்ன பெயர் என்று அந்த மனுசிக்குத் தெரிய நியாயமில்லை.

மூன்று வருடம் அங்கேயே ஆய்வு உதவியாளராக இருந்தேன். யாரோ ஒருவருடைய நாட்டு மான்களுக்குக் கழுத்துப்பட்டி பூட்டினேன். ஒவ்வொரு ஆவணியிலும் கல்வேலி ஓரம் நினைவுக்கு வரும். நான் படித்ததே, வறண்ட இடத்தில் மிருகங்களுக்கு எங்கே, எப்படித் தண்ணீர் வைப்பது என்பதைத்தான். அதை வைத்துக்கொண்டு மழை ஓயாத நாட்டில் இருந்தேன்.

2009இல் சண்டை முடிந்தது. அந்தக் கோடையிலேயே, யாரும் கேட்காமல், வேலையை விட்டுவிட்டு வந்தேன். வருவதை அம்மாவுக்கு அறிவிக்கவில்லை. அறிவித்தால் மறித்திருப்பார்.

வேலிப் படலையில் என்னைக் கண்டதும் அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது.

"காசு தந்த வெள்ளைக்காரரே உன்னை விட்டிட்டினமெல்லே! பிறகு ஏன் வந்தனி? இஞ்ச என்ன இருக்கு?"

வேலிக்கு வெளியே, நிழலில், சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் போகும்போது அது அங்கே இருக்கவில்லை. அதில் தண்ணீர் பாதிக்கு இருந்தது. சுற்றிவரக் குளம்படிகள். பழையவையும் புதியவையும். எங்களிடம் மாடு இல்லை.

"ஆருக்கம்மா இது?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ போன வருசத்தில இருந்து வைக்கிறன். நீ வரமாட்டாய் எண்டுதான் நினைச்சனான். அதுகளாவது இஞ்ச நிக்கட்டும் எண்டு."

"எதுகளம்மா?"

"வேற என்ன, உன்ர காட்டுக் குதிரையள்தான்," என்றார். சிரிக்கவில்லை.

நான் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.