அத்தைக்கு ஒரு தடிமனான நாவல்

"நான் ரொம்ப வேகமாகப் படிப்பேன், நீளமான நாவலாக நாலு சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் இந்த வயதிலும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. கேட்பவர் ஏதோ ரயில் பயணத்துக்காகக் கேட்டிருப்பார். நானோ, "படிக்கும்போது நடுவில் எழுந்திருப்பீர்களா?" என்று விசாரிப்பேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும். அவருக்கு என் அத்தையைத் தெரியாது.

அப்போது நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். அப்பாவின் தங்கையை, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த மாமாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கோடை விடுமுறையில் அத்தை வயிற்றில் பாப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து உள்ளறைக் கட்டிலில் படுத்தாள். படுத்தவள் எழுந்திருக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. இதற்கு முன் இரண்டு முறை பாப்பா தங்கவில்லையாம். தங்காமல் எங்கே போயிற்று என்று கேட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்து, "அத்தை எழுந்து நடமாடினா பாப்பாவுக்கு ஆகாது. உனக்கு அது தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த மாமா என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய்த் தோளில் கை போட்டார்.

"மாப்ளே, உங்க அத்தையைக் கட்டில்ல வைக்கணும்னா கையில புத்தகம் இருக்கணும். தீர்ந்துச்சுன்னா எழுந்து நேரா அடுப்படிக்குப் போயிடுவா. தீராமப் பாத்துக்கறது உன் பொறுப்பு, என்ன?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஒரு பாப்பா தங்குவதும் தங்காததும் இனி என் கையில் என்று முடிவு செய்துகொண்டேன். அன்று முதல் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

ஏனென்றால் அத்தை படிக்கிற வேகம் அப்படி. மற்றவர்கள் புத்தகத்தைப் படிப்பார்கள், அவள் முறுக்குத் தின்பதுபோல் நொறுக்கித் தள்ளுவாள். காலையில் வாங்கிவந்த குடும்ப நாவல் மதியச் சாப்பாட்டுக்கு முன் தலையணைக்கடியில் போய்விடும். "வேற?" என்று கை நீளும். அம்மாமண்டபம் ரோட்டில் வாடகைக்குப் புத்தகம் தரும் லெண்டிங் லைப்ரரி ஒன்று இருந்தது. அந்த வெயிலில் செருப்பில்லாமல் ஓடுவேன். அங்கே போய் நான் கதையைக் கேட்க மாட்டேன். ஒவ்வொரு புத்தகமாக இறக்கச் சொல்லி, கையில் தூக்கி எடை பார்ப்பேன். பிறகு பிரித்து எழுத்து பொடியா என்று பார்ப்பேன்.

"டேய், நீ என்ன கத்திரிக்காயா வாங்குற?" என்பார் லைப்ரரிக்காரர்.

வீட்டில் என் சிபாரிசு தொடங்கும். "இதுல தாத்தா கதையே பாதி வரைக்கும் வருது அத்தை. அப்புறம்தான் கதாநாயகன் பொறக்கவே போறான். மெதுவாப் படிங்க." அவள் மெதுவாகப் படிக்க மாட்டாள். நான் வாசற்படியில் நின்று அவள் வலது கட்டைவிரலுக்கு அடியில் மிச்சமிருக்கும் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது மெலிய மெலிய ஏதாவது தடை போடப் பார்ப்பேன். அவள் கண்ணாடியை ஒளித்துவைத்தேன், அது இல்லாமலே படித்தாள். நடுநடுவே போய், "விதவைன்னா என்ன அத்தை?" என்று சந்தேகம் கேட்டேன், கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள். ஃபேனைக்கூட ஒருமுறை நிறுத்தினேன். புத்தகத்தாலேயே விசிறிக்கொண்டு, விசிறலுக்கு விசிறல் நடுவே படித்தாள்.

கடைசியில், லைப்ரரியின் மேல் தட்டில் கிடந்த ஒரு பூதத்தைக் கண்டுபிடித்தேன். அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து, காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டு பைண்டு பண்ணுவார்கள். யாரோ அப்படிச் சேர்த்து வைத்திருந்து லைப்ரரிக்குப் போட்டுவிட்ட புத்தகம் அது. செங்கல் மாதிரி கனம். கதைக்குப் பின்பக்கம் பாதி ஜோக், பாதி ரசப்பொடிக் குறிப்பு, யாரோ ஒருவரின் முடி கொட்டுவதற்கு முழுசாக வராத பதில். எழுத்து எறும்பு. எனக்கு ஆனந்தத்தில் கண் இருட்டியது.

"கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டு எடுத்துட்டுப் போடா" என்றார் லைப்ரரிக்காரர். தடிமன் இருக்கும்போது கடைசிப் பக்கம் எதற்கு? தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அது தாக்குப்பிடித்தது. அத்தை படித்தாள், படித்தாள், அடுத்த நாளும் படித்தாள். அத்தைக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது என்று அம்மா சாமி படத்துக்குப் பூ வைத்தாள். புத்தகம் முடியப்போகிற நாள் காலையில் அத்தையின் வேகம் திடீரென்று குறைந்தது. ஒரே பக்கத்தை வெகுநேரம் வைத்திருந்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டாள். அப்பேர்ப்பட்ட கதை, நின்று நிதானமாக ரசிக்கிறாள் என்று நினைத்தேன். என் தேர்வை நானே மெச்சிக்கொண்டேன்.

மத்தியானம் அம்மா ரேஷன் கடைக்குப் போனாள். அப்பா ஆபீசில். வீட்டில் நானும் அத்தையும்தான். பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். உள்ளறையிலிருந்து ஒரு அலறல்.

"அடப்பாவிங்களா!"

ஓடினேன். அத்தை கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கீழே அடைப்புக்குறிக்குள் அச்சடித்திருந்தது: அடுத்த இதழில் முடியும். அதற்குப் பிறகு அட்டைதான். அந்தக் கடைசி இதழை எந்த வீட்டுக்காரி இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராமல் விட்டாளோ!

"நம்ம பரண்ல பழைய புத்தகக் கட்டு இருக்கும்டா. ஏணியக் கொண்டா" என்று அத்தை எழுந்து உட்கார்ந்தாள். ஒரு காலைத் தரையில் வைத்தாள்.

என் உயிர் போய்விட்டது. அந்தக் காலையே பார்த்தேன். வாயிலிருந்து தானாக வந்தது: "படுங்க அத்தை! முடிவு எனக்குத் தெரியும்! லைப்ரரிக்காரர் சொன்னாரு!"

"நிஜமாவா? சொல்லு."

காலை மேலே எடுத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்தக் கதையில் படங்களைத் தவிர நான் ஒன்றும் பார்த்ததில்லை. படத்தில் ஒரு மீசைக்காரன் இருந்தான். அவனைக் கொள்ளிடம் பாலத்தில் நிறுத்தி, லாரியை ஏற்றினேன்.

"அவன் பாதிக் கதையிலேயே செத்துட்டானேடா!"

"அது... அவன் தம்பி அத்தை. ரெட்டைப் பிள்ளை."

அத்தை சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அடுத்த பீதி பிடித்தது. நடக்கக் கூடாது என்றார்கள், சிரிக்கலாமா என்று யாரும் சொல்லவில்லையே! கதையைச் சோகமாக்கினால் சிரிப்பு நிற்கும் என்று ஆட்களைக் கொல்ல ஆரம்பித்தேன். மாமனாரைப் பாம்பு கடித்தது. மாமியார் மலைக்கோட்டைப் படியில் உருண்டாள். வக்கீலை மாடு முட்டியது. ஒவ்வொரு சாவுக்கும் அத்தை இன்னும் அதிகமாகச் சிரித்தாள்.

பிறகு சட்டென்று நிறுத்தினாள். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. அப்பாடா, கதை இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது என்று நிம்மதியானேன்.

"ஜன்னல் வழியா பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "கையை விடாத. நீ பாட்டுக்குச் சொல்லு. அப்புறம்?"

இன்னொரு ரசிகை! உற்சாகமாகக் கூவினேன். அக்கா வந்தாள், அத்தையை ஒரு பார்வை பார்த்தாள், கதையை ஒரு வார்த்தை கேட்காமல் தெருவுக்கு ஓடினாள். எனக்கு அவமானமாக இருந்தது. அத்தை மட்டும் விடவில்லை. "நிறுத்தாத... அப்புறம்?" அவள் பிடி இறுகும்போதெல்லாம் நான் ஒரு திருப்பம் வைத்தேன். ஆட்டோ வந்தது. அக்கா ஒரு பக்கம் தாங்க, என் கை அத்தையின் பிடியில் இருக்க, கதாநாயகியை வெள்ளத்தில் இறக்கிவிட்டபடியே நானும் வாசல்வரை போனேன். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் கையை விட்டாள். நல்ல கட்டத்தில் போய்விட்டாளே என்று எனக்கு வருத்தமான வருத்தம்.

ரேஷன் கடையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடிய அம்மா மறுநாள் காலையில்தான் வந்தாள். பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், பயமில்லை, அத்தையும் நலம். அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அம்மா முன்னால் போய் மணிக்கட்டை நீட்டினேன். அத்தையின் நகம் பதிந்த இடமெல்லாம் கன்றிப்போய், பிறை பிறையாகச் சிவந்திருந்தது. "பாத்தியாம்மா? கதை அவ்வளவு விறுவிறுப்பு. அத்தையால தாங்கவே முடியல" என்றேன்.

அம்மா அந்தத் தடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு என் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நல்ல சேதியைச் சொன்ன வாயால் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. முடிவு தெரியாத ஏக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று பாவப்பட்டு, வெள்ளத்தில் விட்டுவந்த கதாநாயகியைப் பிடித்து, அம்மாவுக்கு மிச்சக் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.